எந்த இடத்தில் அடி என்று கேளுங்கள்

(தஞ்சாவூரில் பொதுமக்களுக்காக நடந்த கூட்டமொன்றில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பக்கவாதம் வந்து, சிகிச்சை முடிந்து, நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போன குடும்பத்தார் சில வாரங்களில் என்னிடம் திரும்பி வருவார்கள். அப்போது அவர்கள் சொல்லும் குறைகளில் கை கால் பற்றியவை குறைவு. கை வரவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. மனம் அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அவர்களை வாட்டுவது வேறு. "இலையில பாதியை வேணும்னே ஒதுக்குறார் டாக்டர்." "கேட்டதுக்குப் பதில் சொல்ல வரலை, கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமா வருது." "வண்டியிலேருந்து விழுந்ததுக்கப்புறம் பையனுக்குத் திமிர் ஏறிப்போச்சு." "குளிக்கக்கூட எந்திரிக்க மாட்டேங்கிறார், சோம்பேறியாயிட்டார்."

இந்தக் குறை ஒவ்வொன்றுக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. அந்த இடம் தெரிந்தால் நோயாளி மேல் வரும் கோபம் தணியும். அடுத்து என்ன செய்யலாம் என்பதும் புலப்படும். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

இலையிலிருந்து தொடங்குகிறேன். வலப்பக்க மூளையில், காதுக்கு மேலே சற்றுப் பின்தள்ளி ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இரத்த ஓட்டம் நின்றுபோனால் இடக் கையும் இடக் காலும் விழுந்துவிடுவது எல்லோருக்கும் தெரியும். அதோடு சேர்ந்து இன்னொன்றும் நடக்கலாம். அந்த மனிதருக்கு உலகத்தின் இடப்பக்கமே இல்லாமல் போய்விடும். வாழை இலையின் முன் உட்கார வைத்தால் வலப்பாதியில் இருக்கும் சோற்றையும் பொரியலையும் வழித்துச் சாப்பிடுவார். இடப்பக்கம் உப்பும் ஊறுகாயும் வைத்தபடி இருக்கும். "ஊறுகாய் வைக்கலையா?" என்று மனைவியைக் கேட்பார். அந்த அம்மாவுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? இலையை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்துப் பாருங்கள். ஒதுக்கியதாக நினைத்த சாப்பாடு முழுவதையும் சாப்பிட்டுவிடுவார். பசி இருக்கிறது, கண் தெரிகிறது. அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது என்கிற நினைப்புத்தான் இல்லை.

ஒரு வீட்டில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டு அம்மாவுக்கு இடக் கை மட்டும் கொஞ்சம் பலவீனம், வலக் கை நன்றாக இருந்தது. வாசலில் கோலம் போட ஆசைப்பட்டார். மகள் புள்ளி வைத்துக் கொடுத்தாள். அம்மா முக்காலியில் உட்கார்ந்தபடி குனிந்து, வலப்பக்கப் புள்ளிகளைச் சுற்றி ஒரு வளைவும் பிசகாமல் கம்பி இழுத்தார். நடுப்புள்ளி வரிசை வந்ததும் நிறுத்தி, மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்து, "ஆச்சு" என்றார். இடப்பக்கம் புள்ளிகள் வெறுமனே நின்றன. "அம்மா, இந்தப் பக்கம்?" என்று மகள் கேட்டபோது அவர் முகத்தில் குழப்பம் தவிர வேறில்லை. ஐம்பது வருடம் கோலம் போட்ட கை அது. கோலம் மறக்கவில்லை, பாதி வாசல் மறைந்திருந்தது.

இது கண்ணின் கோளாறா, இடம் பற்றிய எண்ணத்தின் கோளாறா என்ற கேள்விக்கு 1978-இல் இத்தாலியைச் சேர்ந்த பிசியாக், லுசாட்டி என்ற இருவர் அழகான ஒரு சோதனையால் விடை சொன்னார்கள். மிலான் நகரத்தின் பேராலயச் சதுக்கத்தை நன்கு அறிந்த இரண்டு நோயாளிகள். சதுக்கத்தின் ஒரு முனையில் நின்று ஆலயத்தைப் பார்ப்பதாக மனத்தில் நினைத்துக்கொண்டு, கண்ணில் படும் கட்டடங்களைச் சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கத்துக் கட்டடங்களைச் சொன்னார்கள், இடப்பக்கம் விடுபட்டது. பிறகு ஆலயத்தின் வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னார்கள். இப்போது முன்பு விட்டவை எல்லாம் வந்தன, முன்பு சொன்னவை விடுபட்டன.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். பெரிய கோயிலில் நந்தி மண்டபத்தில் நின்று விமானத்தைப் பார்த்தபடி மேற்கே முகம் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் அம்மன் சன்னிதி, சண்டிகேசுவரர், தள்ளி முருகன் சன்னிதி. இடப்பக்கம் வாராகி, மூலையில் பிள்ளையார். இடப்பக்கத்தை இழந்தவர் வாராகியையும் பிள்ளையாரையும் விட்டுவிடுவார். அவரையே கோயிலின் பின்கோடிக்கு அழைத்துப் போய், கருவூரார் சன்னிதிப் பக்கம் நின்று கிழக்கே பார்ப்பதாக நினைக்கச் சொன்னால் பிள்ளையாரும் வாராகியும் வந்துவிடுவார்கள். முருகனும் அம்மனும் காணாமல் போவார்கள். கோயிலே எதிரில் இல்லை, கண் மூடியிருக்கிறது, நினைவு முழுசாக இருக்கிறது. அப்படியிருந்தும் பாதி வருவதில்லை. நாம் வெளியை எப்படி மனத்துக்குள் கட்டி வைத்திருக்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

வலது மூளை பழுதானால் இது அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது. வலது மூளை இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது. இடது போனால் வலது ஈடுகட்டும். வலது போனால் இடப்பக்கத்துக்கு ஆள் இல்லை.

வீட்டில் என்ன செய்வது? தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு ரிப்பன் ஒன்றை ஒட்டுங்கள். அது தெரிகிற வரை கண்ணைத் திருப்ப வேண்டும் என்று பழக்குங்கள். செய்தித்தாள் படிக்கும்போதும் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு. முக்கியமான விஷயம் பேசும்போது முதலில் வலப்பக்கம் உட்கார்ந்து பேசுங்கள். நாளாக ஆக மெல்ல நடுவுக்கும் இடப்பக்கத்துக்கும் நகருங்கள். மருத்துவர் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை அவரிடம் வண்டிச் சாவியைத் தராதீர்கள். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

இதே இடத்துப் பாதிப்பில் சிலருக்கு இன்னொன்றும் சேர்ந்து வரும். கை விழுந்துவிட்டது என்பதையே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "கைக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். பாரிஸ் மருத்துவர் பாபின்ஸ்கி 1914-இல் இதை விவரித்தார். நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான வி.எஸ். ராமச்சந்திரன் இந்த மறுப்பை ஆழமாக ஆராய்ந்தவர். தண்ணீர்க் கிளாஸ்கள் வைத்த தட்டை எடுக்கச் சொல்லிப் பார்த்தார். கை வராது என்று தெரிந்த பக்கவாத நோயாளி ஒற்றைக் கையைத் தட்டின் நடுவில் கொடுத்துத் தூக்குவார். மறுக்கும் நோயாளியோ, இரண்டு கையும் இருப்பது போல் ஓர் ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்குவார், கிளாஸ்கள் சரியும். ஆக அவர் பொய் சொல்லவில்லை, வீம்பும் பிடிக்கவில்லை. கை இல்லை என்ற செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. "உங்களுக்குக் கை வராதுன்னு எத்தனை தடவை சொல்றது" என்று மகன் கத்துவதால் அந்தச் செய்தி போய்ச் சேராது. கத்துவதை நிறுத்திவிட்டு, அவர் தானாக எழுந்து விழாதபடி கட்டிலைச் சுவரோரம் போடுங்கள்.

இனி பேச்சு. நம்மில் பெரும்பாலோருக்கு, வலக்கைக்காரர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும், பேச்சு இடது மூளையில் இருக்கிறது. 1861-இல் பாரிஸில் பிசேத்ர் மருத்துவமனையில் பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் லெபோர்ன் என்ற நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் "தான், தான்" என்று மட்டுமே சொல்வார். கேட்பது புரியும், சைகையால் பதில் சொல்வார், கோபம் வந்தால் ஒரு வசவு மட்டும் முழுசாக வரும். அவர் இறந்த பிறகு ப்ரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தார். இடது நெற்றிப் பகுதியின் கீழ் மடிப்பில் பழுது இருந்தது. உயிரோடு இருக்கும்போது நடத்தையைக் குறித்து வைப்பது, பிறகு மூளையோடு ஒப்பிடுவது என்ற இந்த முறையில்தான் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மூளையின் வரைபடம் தயாரானது. நோயாளியைப் பொறுமையாகக் குறித்து வைக்கும் வழக்கம் தஞ்சாவூருக்கும் புதிதில்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள், வண்ணப் படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. இங்கே வந்திருக்கும் மருத்துவ மாணவர்கள் அவற்றைப் போய்ப் பார்க்க வேண்டும்.

லெபோர்னுக்கு வசவு மட்டும் ஏன் வந்தது? நாமாக யோசித்துக் கட்டும் வாக்கியம் ஒரு வழியில் வருகிறது. ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது, ஞாயிறு திங்கள் செவ்வாய், சின்ன வயதில் மனப்பாடம் செய்த சுலோகம், திட்டு ஆகியவை பெரும்பாலும் வேறு வழியில் வருகின்றன. முதல் வழி அடைபட்டாலும் இரண்டாவது திறந்திருக்கலாம். நல்ல வார்த்தை ஒன்று சொல்ல அவர் படாதபாடு படுகிறார். அது வராத ஆத்திரத்தில் கெட்ட வார்த்தை தானாக வந்துவிடுகிறது. மருமகள் முன்னால் மாமனார் வாயில் அது வரும்போது வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மாமனாருக்கு உள்ளூர எவ்வளவு அவமானம் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஊரில் இதைச் சொல்வதற்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. பேச்சு போனவர்களில் பலருக்குப் பாட்டு போவதில்லை. ஒரு வார்த்தை பேச முடியாத பக்கவாத நோயாளி ஒருவர், தெரிந்த தோத்திரப் பாடல்களைச் சொல் பிசகாமல் பாடினார் என்று சுவீடனில் 1745-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ரஷ்ய இசையமைப்பாளர் ஷெபாலின் 1959-இல் பக்கவாதத்தால் பேச்சை இழந்தார். பேசவும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்ளவும் திணறியவர், அதன் பிறகு தம் ஐந்தாவது சிம்பொனியை எழுதினார். லூரியா என்ற நரம்பியல் அறிஞர் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். 1970-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் இதையே சிகிச்சையாக மாற்றினார்கள். "தண்ணி வேணும்" என்பதை ஏற்ற இறக்கத்தோடு இழுத்துப் பாட வைத்து, இடக் கையால் தாளம் தட்ட வைத்து, பிறகு மெல்ல மெல்லப் பாட்டைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவது. எல்லோருக்கும் பலன் தராது. பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன் மிஞ்சியிருப்பவர்களுக்குப் பலன் தந்திருக்கிறது.

திருவையாற்றுப் பக்கத்திலே வாழ்கிற நமக்கு, தேவாரமோ தியாகராஜர் கீர்த்தனையோ சினிமாப் பாட்டோ ஏதாவது ஒன்று மனப்பாடமாக இல்லாத பெரியவர் அபூர்வம். பேச்சு போன உங்கள் அப்பாவோடு சேர்ந்து அவருக்குப் பிடித்த பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுங்கள், தொடர்கிறாரா பாருங்கள். தொடர்ந்தால் அதை உடனே பேச்சுப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. அதைத்தான் குடும்பங்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொள்கின்றன. இடது காதுக்குப் பின்புறம், மேல்பக்கத்தில் உள்ள பகுதி. 1874-இல் வெர்னிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தது. இங்கே பழுதானால் பேச்சு சரளமாக வரும், ஆனால் பொருள் இருக்காது. சொற்கள் உருமாறும், இல்லாத சொற்கள் பிறக்கும். எதிராளி சொல்வது புரியாது. கை கால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நேற்று வரை கடை நடத்திய மனிதர் இன்று காலை எழுந்து வேகவேகமாக, நிறுத்தாமல், புரியாத ஏதோ பேசுகிறார். வீட்டில் உடனே என்ன சொல்வார்கள்? பைத்தியம் பிடித்துவிட்டது, காற்றுக் கருப்பு அடித்துவிட்டது. குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்தால் சரியாகும் என்று வண்டி ஏற்றுவார்கள். கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். நம்பிக்கை பலரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் திடீரென்று பேச்சு குழறியவருக்கு முதலில் வேண்டியது 108 ஆம்புலன்ஸ். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் போடவும் முடியாது. வாய் கோணினால், கை விழுந்தால் ஓடி வருகிற நாம், பேச்சு மட்டும் மாறினாலும் அதே வேகத்தில் வர வேண்டும்.

சிறுமூளையைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். பிடரிக்குள் இருக்கும் அது கெட்டால் நடை தள்ளாடும், பேச்சு இழுக்கும். குடிக்காதவரைக் குடிகாரர் என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்ட கதைகள் இருக்கின்றன.

இப்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிக்கு வருகிறேன். டெல்டா மாவட்டங்களில் இளைஞர்கள் பலரை அழிப்பது இந்த இடத்தின் காயம். அறுவடைக் காலத்தில் தார்ச் சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போடுவோம். ஓரத்தில் கல்லை வைப்போம். இருட்டில் தார்ப்பாய் போட்டு மூடிவைப்போம். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் பையனுக்கு அது தெரியாது. தலை ரோட்டில் மோதி நின்றுவிடும், உள்ளே மூளை நிற்காது. கெட்டித் தயிர் போன்ற மூளை முன்னுக்குச் சறுக்கி, கண்களுக்கு மேலே இருக்கும் கரடுமுரடான எலும்புத் தரையில் உரசும். அதனால் அடி தலையின் எந்தப் பக்கம் பட்டாலும் நெற்றிப் பகுதியின் அடிப்பாகமும் பொட்டுப் பகுதியின் முனையும் காயப்படுவது அதிகம். முதல் ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியாமலும் போகலாம். பையன் கண் விழிக்கிறான், பேசுகிறான், நடக்கிறான். எல்லோருக்கும் நிம்மதி. மூன்று மாதம் கழித்து அம்மா வந்து அழுகிறார்: "உசுரைக் காப்பாத்திக் குடுத்தீங்க, ஆனா இவன் என் புள்ளையே இல்லை டாக்டர்."

இதே சொல்லை 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வேறொருவரின் நண்பர்கள் சொன்னார்கள். 1848 செப்டம்பர் 13 அன்று ரயில் பாதைக்காகப் பாறைக்கு வெடி வைக்கும் வேலையில் இருந்த ஃபினியாஸ் கேஜ் என்ற மேஸ்திரியின் இடக் கன்னத்தின் வழியாக, ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. அவர் பிழைத்தார். ஆனால் நிதானமும் பொறுப்பும் உள்ளவர் என்று பெயரெடுத்தவர், வாய்க்கு வந்தபடி பேசுபவராக, எடுத்த வேலையை முடிக்காதவராக மாறினார். பழைய முதலாளி திரும்ப வேலை தரவில்லை. இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவது வழக்கம். பிந்தைய பாதி எனக்கு முக்கியம். கேஜ் பின்னர் சிலி நாட்டுக்குப் போய் ஏழு ஆண்டுகள் போல் குதிரை வண்டி ஓட்டினார். தினமும் ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே ஒழுங்கு. அந்த ஒழுங்கு அவரைத் தாங்கியது என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1860-இல் வலிப்பு வந்து இறந்தார்.

நெற்றிப் பகுதியின் அடிப்பாகம் நம்மை அடக்கிப் பிடிக்கிற இடம். தாத்தா முன்னால் காலை நீட்டாதே, கல்யாண வீட்டில் அதைச் சொல்லாதே என்று உள்ளிருந்து தடுப்பது அதுதான். அது பழுதானவனிடம் மரியாதை தெரியாதா என்று கேட்டால் தெரியும் என்பான். விதிகளைச் சரியாக ஒப்பிப்பான். அடுத்த நிமிடம் மீறுவான். தெரிவதற்கும் தடுப்பதற்கும் இடம் வேறு. நெற்றிப் பகுதியின் உட்புறம் பழுதானால் அதற்கு நேர்மாறு: மனிதர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார். துக்கமில்லை, தூக்கமில்லை. தொடங்குவதற்கு வேண்டிய உந்துதல் மட்டும் இல்லை. சோம்பேறி என்று திட்டுவதால் அவர் எழ மாட்டார். "போய்க் குளிங்க" என்று சொன்னாலும் எழ மாட்டார். "எந்திரிங்கப்பா. துண்டை எடுங்க. வாளிகிட்ட வாங்க" என்று ஒவ்வொரு படியாகச் சொன்னால் எழுந்து குளித்துவிடுவார். பையனுக்கும் அப்படித்தான்: எழும் நேரம், சாப்பிடும் நேரம், ஒரே வேலை, ஒரே ஆள் சொல்லிக் கொடுப்பது. காசையும் கைபேசிப் பணத்தையும் அவன் பொறுப்பில் முழுசாக விடாதீர்கள். மது ஒரு துளியும் கூடாது.

சட்டம் வண்டி ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது. பின்னால் உட்காரும் பெண்கள் ஹெல்மெட் போடுவதை இந்த ஊரில் நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

மூளையின் இந்த இடங்களையெல்லாம் ஸ்கேன் இல்லாமலே கண்டுபிடித்த தலைமுறை ஒன்று இருந்தது. நம் டெல்டாவில் சீர்காழியில் 1922-இல் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி, இங்கிலாந்தில் பயிற்சி முடித்து வந்து 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜேக்கப் சாண்டி வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கியிருந்தார். இந்தியாவுக்கே இவை முன்னோடி. உலகின் முதல் சி.டி. ஸ்கேன் லண்டனில் எடுக்கப்பட்டது 1971-இல். அதுவரை நோயாளி எப்படிப் பேசுகிறார், எப்படி நடக்கிறார், எதை மறக்கிறார் என்று பார்த்தும், குடும்பத்தாரிடம் கேட்டும்தான் மண்டையில் எந்த இடத்தைத் திறப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. எக்ஸ்-ரேயும் ஆஞ்சியோகிராமும் துணை. வீட்டுக்காரர் சொல்லும் வார்த்தை அப்போது மருத்துவருக்கு உயிர் போன்ற ஆதாரம். ஸ்கேன் வந்த பிறகு நாங்கள் குடும்பத்தாரிடம் கேட்பது குறைந்துவிட்டது. அது மருத்துவத்துக்கு நஷ்டம்.

ராமமூர்த்தியை இவ்வளவு மதிக்கும் நான், அவருடைய சென்னைக் குழுவின் இன்னொரு பணியைப் பற்றியும் பேசியாக வேண்டும். மூளையின் ஆழத்தில், பொட்டுக்கு உட்புறம், அமிக்டலா என்ற சிறிய பகுதி பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. அச்சமும் சினமும் எழுவதில் அதற்குப் பெரிய பங்கு. அமெரிக்காவில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு பெண்ணுக்கு ஓர் அரிய நோயால் இரண்டு அமிக்டலாக்களும் அழிந்துவிட்டன. பாம்பைக் கையில் எடுத்தாலும் அவருக்குப் பயம் வருவதில்லை. அப்படியானால் அடங்காத வெறி உள்ளவருக்கு அந்த இடத்தை அழித்தால் வெறி அடங்குமே என்ற எண்ணம் 1960-களில் எழுந்தது. ஜப்பானில் நராபயாஷி செய்தார். சென்னையில் வி. பாலசுப்பிரமணியம், ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவரான டி.எஸ். கனகா, ராமமூர்த்தி ஆகியோர் செய்தார்கள். பிறரைத் தாக்குபவர்கள், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்பவர்கள், அடங்காமல் ஓடும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் எனப் பலர் அறுவை மேசைக்கு வந்தார்கள். 1988-இல் ராமமூர்த்தி எழுதிய கட்டுரையில் இவ்வகை அறுவைகளின் எண்ணிக்கை 600-க்கும் மேல். பெரும்பாலானவர்களிடம் முன்னேற்றம் என்று பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் இன்றைய மருந்துகள் இல்லை. பிள்ளையைத் தூணில் கட்டி வைத்த பெற்றோர் வந்து கெஞ்சினால் மருத்துவர் என்ன செய்வார் என்ற கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ஆனாலும், தனக்காகப் பேச முடியாத குழந்தையின் மூளையில் திரும்பி வளராத ஒரு பகுதியை, மற்றவர்களின் நிம்மதிக்காக அழித்தது சரியில்லை என்பதே என் முடிவு. "அமைதியாகிவிட்டான்" என்பது வீட்டாரின் கணக்கு; அந்தப் பிள்ளையின் கணக்கை யாரும் எழுதவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் சம்மதமும் மனநல வாரியத்தின் ஒப்புதலும் இல்லாமல் மனநோய்க்காக மூளையில் அறுவை செய்யக்கூடாது என்று 96-ஆம் பிரிவில் சொல்கிறது. மாணவர்கள் அந்தப் பிரிவை ஒரு முறை படித்துவிட வேண்டும்.

எந்த இடமும் கெடாமல், இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள தொடர்பு மட்டும் அறுந்தாலும் விபரீதம் வரும். ராமச்சந்திரன் விவரித்த ஒரு நோயாளி: தலையில் அடிபட்ட இளைஞன், அம்மாவைப் பார்த்து "இவங்க பார்க்க எங்கம்மா மாதிரியே இருக்காங்க, ஆனா எங்கம்மா இல்லை, யாரோ வேஷம் போட்டு வந்திருக்காங்க" என்றான். அதே அம்மா தொலைபேசியில் பேசினால் "அம்மா" என்று உடனே அடையாளம் கண்டான். முகத்தை அறியும் பகுதி நன்றாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எழ வேண்டிய பாசத்துக்கு வழி அறுந்திருந்தது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். குரலுக்கான வழி வேறு, அது அறுபடவில்லை. பெற்றவளை யாரோ என்று சொல்லும் பிள்ளையை நாம் என்ன பெயரால் அழைப்போம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தாய்க்கு நான் சொல்லக்கூடியது: பக்கத்து அறையிலிருந்து பேசுங்கள் அம்மா.

கடைசியாகச் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும் அன்று அவசரப்பட்டு ஆட்டோ ஏறிவிடாதீர்கள். மூளையில் எந்தப் பக்கம், எந்த இடம், அதனால் வீட்டில் நடத்தையில் என்ன மாற்றம் வரலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். பதிலை அந்தச் சீட்டிலேயே தமிழில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர அவருக்கு இரண்டு நிமிடம் போதும். அடுத்த முறை வரும்போது நோயாளியோடு தினமும் இருக்கும் ஆளே வாருங்கள். காரில் அழைத்து வரும் உறவினருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்திருக்கிறது. அதில் இருப்பது கை கால் முடக்கம் மட்டுமல்ல. மூளைப் பாதிப்பால் வரும் நிரந்தரப் பேச்சு இழப்பும் பெயர் சொல்லியே இருக்கிறது. கை கால் நன்றாக இருக்கிறது, இவருக்கு எதற்குச் சான்றிதழ் என்று யாராவது திருப்பி அனுப்பினால் அந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள். பேச்சு போன அப்பாவோ கணவரோ வீட்டில் இருந்தால், அவருடைய ஸ்கேனையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு இந்த வாரமே போய் விண்ணப்பியுங்கள்.